வெள்ளி மலையும் நாணயமும்

தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கடைக்காரரிடம் எண்ணிக் கொடுக்கும் காசும் நாணயம்; சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். ‘அவர் நாணயஸ்தர்’ என்று பெரியவர்கள் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய பணப்பெட்டியின் கனத்தை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் சண்டையின்றிக் குடியிருப்பதால், அவை பிரிந்தால் என்ன ஆகும் என்று எண்ணும் வாய்ப்பும் நமக்கு அரிதாகவே கிடைக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் அவை பிரிந்தன. உலகின் பெரும்பகுதிக்கு வெள்ளிக்காசு வழங்கி வந்த ஒரு நாணயச்சாலையில், தலைமைப் பரிசோதகரும் அவருக்குப் பணம் புரட்டிக் கொடுத்த வணிகர்களும் சேர்ந்து, காசில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினார்கள். ஜெனோவாவிலும் ஆண்ட்வெர்ப்பிலும் வணிகர்கள் அந்தக் காசைக் கையில் வாங்க மறுத்தனர். ஸ்பானிய மன்னர் தம் பெயர் பொறித்த காசுக்குத் தாமே மதிப்பைக் குறைத்து ஆணையிட நேர்ந்தது. அந்த நாணயச்சாலை இருந்த ஊர் பொத்தோசி. இன்றைய பொலிவியா நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே அது இருக்கிறது.

அந்த உயரத்தில் பயிர் சரியாக விளையாது, விறகு கிடைக்காது, புதிதாக வருபவருக்கு மூச்சு முட்டும். அப்படிப்பட்ட இடத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள். அன்றைய ஐரோப்பாவின் பெரு நகரங்களோடு ஒப்பிடத்தக்க கூட்டம் அது. அத்தனை பேரையும் அங்கே இழுத்தது ஊருக்குத் தெற்கே கூம்பு வடிவில் நிற்கும் ஒற்றை மலை. ஸ்பானியர் அதற்கு ‘செல்வ மலை’ என்னும் பொருளில் சேரோ ரீக்கோ என்று பெயரிட்டார்கள்.

1545ஆம் ஆண்டு தியேகோ உவால்பா என்னும் ஆண்டிஸ் மலைவாசி அங்கே வெள்ளிப் படிவத்தைக் கண்டதாக வரலாறு கூறுகிறது. வழி தவறிய லாமாவைத் தேடிப் போனார், சரிவில் ஏறும்போது பற்றிய செடி வேரோடு வந்துவிட்டது, வேரடியில் வெள்ளி மின்னியது என்பது ஒரு கதை. குளிருக்குத் தீ மூட்டினார், காலையில் தரையில் வெள்ளி உருகி ஓடியிருந்தது என்பது இன்னொன்று. எந்தச் சுரங்கத்துக்கும் இப்படி ஒரு பிறப்புக் கதை இருப்பதால் இவற்றை ரசித்துவிட்டுக் கடந்து போகலாம்.

மலையின் மேற்பரப்பில் கிடைத்த தாது அவ்வளவு செழிப்பானது. முதல் இருபத்தைந்து ஆண்டுகள் அதை உருக்கியவர்கள் உள்ளூர் மக்களே. சுற்றிலும் துளையிட்ட மண் உலைகளை மலைச் சரிவில் வரிசையாக வைப்பார்கள். துருத்தியே வேண்டாம், மலைக்காற்று துளைகளின் வழியே புகுந்து நெருப்பை ஊதும். இரவில் ஆயிரக்கணக்கான உலைகள் எரிந்தபோது மலையே விளக்கேற்றி வைத்தது போலிருந்தது என்று பார்த்தவர்கள் எழுதிவைத்தார்கள். ஸ்பானியர் தங்கள் துருத்திகளைக் கொண்டு முயன்று தோற்றார்கள். ஆகவே தாதுவை உள்ளூர் உலைக்காரர்களிடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது.

1560களில் மேற்பரப்புத் தாது தீர்ந்தது. கீழே கிடைத்ததில் வெள்ளி குறைவு. அதை உலையில் உருக்கினால் விறகுச் செலவுகூடத் தேறாது. பொத்தோசி அந்தப் பத்தாண்டிலேயே பாழடைந்த ஊர்களில் ஒன்றாகியிருக்க வேண்டும். அதைக் காப்பாற்றியது பாதரசம்.

பாதரசக் கணக்கு

மெக்சிகோவின் பச்சூக்காவில் பார்த்தலோமே தெ மெதீனா என்பவர் 1550களின் நடுவில் ஒரு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தாதுவை மாவாக இடித்து, நீரும் உப்பும் செம்பு உப்பும் சேர்த்துச் சேறாக்கி, அதில் பாதரசத்தைப் பிழிந்து விட்டு மிதித்தால், சில வாரங்களில் வெள்ளி பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். சேற்றைக் கழுவி, மீந்த கலவையைத் துணியிலிட்டுப் பிழிந்து, சூடேற்றினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும். துளைதுளையான வெள்ளி உருண்டை தங்கும். அதன் வடிவத்தைப் பார்த்து ‘பைன் காய்’ என்று பொருள்படும் பெயரை ஸ்பானியர் வைத்தார்கள். 1570களின் தொடக்கத்தில் இந்த முறை பொத்தோசியை எட்டியது. பாதரசம் பெருவின் வாங்காவெலிக்கா சுரங்கத்திலேயே கிடைத்தது. அதை லாமாக்களின் முதுகிலும் கப்பலிலும் ஏற்றிப் பொத்தோசிக்குக் கொண்டுவந்தார்கள்.

வங்கிக் கணக்கு அறிந்தவர்களுக்குச் சுவை தரும் செய்தி ஒன்று இங்கே உண்டு. வெட்டி எடுத்த வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்குச் சேர வேண்டும். ஆனால் யார் எவ்வளவு எடுத்தார் என்று மலை உச்சியில் நின்று எண்ண முடியாது. பாதரசத்தை விற்கும் உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. இவ்வளவு பாதரசம் வாங்கியவர் ஏறத்தாழ இவ்வளவு வெள்ளி காட்ட வேண்டும் என்று ஒரு விகிதம் வகுத்தது. வாங்கிய பாதரசத்துக்கும் காட்டிய வெள்ளிக்கும் பொருத்தம் இல்லையென்றால் விசாரணை. இரண்டு பேரேடுகளை ஒன்றோடொன்று சரிபார்க்கும் அந்தத் தணிக்கை முறை நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தையது.

தாதுவை இடிக்க நீர்ச்சக்கர ஆலைகள் தேவைப்பட்டன. ஆண்டில் சில மாதங்களே மழை பெய்யும் ஊரில் அதற்காக மலைகளுக்கிடையே அணைகள் கட்டி ஏரிகளை உண்டாக்கினார்கள். 1626இல் அவற்றில் ஒன்று உடைந்து, ஆலைகளையும் குடியிருப்புகளையும் அடித்துச் சென்றது. ஊர் மீண்டும் கட்டப்பட்டது. வெள்ளி அப்படிப்பட்ட பிடிவாதத்தைத் தரும்.

எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டுமே? அதற்கு வழி செய்தவர் பெருவின் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ. இன்கா அரசர் காலத்தில் பொதுப்பணிகளுக்காக ஊரார் முறைவைத்து உழைக்கும் ‘மித்தா’ என்ற வழக்கம் இருந்தது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, 1573 முதல் அதைச் சுரங்கக் கட்டாய உழைப்பாகத் தொலேதோ மாற்றினார். பதினாறு மாகாணங்களிலிருந்து, பருவம் வந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஓராண்டுக்குப் பொத்தோசி வர வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 பேர். தொலைவான ஊர்க்காரர்கள் மனைவி மக்களோடும் லாமாக்களோடும் வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள். சுரங்கத்துக்குள் தோல் வார்களால் கட்டிய ஏணிகளில், கையில் மெழுகுவர்த்தியோடு, முதுகில் தாது மூட்டையோடு ஏறி வந்தார்கள். உள்ளே வியர்க்கும் வெப்பம். வாயிலில் உறைபனிக் காற்று. மேலே ஆலைகளில் தாதுத் தூசியும் பாதரச ஆவியும் நுரையீரலில் புகுந்தன. எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்கு எந்தப் பேரேடும் இல்லை. பாதரசத்தைத் துல்லியமாகக் கணக்கிட்ட அரசு, மனிதரைக் கணக்கிட்டது வரும்போது மட்டுமே.

கூலி உண்டு. சுரங்கத்துக்குள் உழைத்தவருக்கு நாளொன்றுக்கு மூன்றரை ரியால் என்று தொலேதோ விதித்தார். ஊரில் விற்ற உணவின் விலைக்கு அது போதவில்லை. எனவே மித்தா முறை முடிந்து ஓய்வாக இருக்க வேண்டிய வாரங்களிலும் அவர்கள் கூலிக்கு உழைத்தார்கள். இந்தக் கூலியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; அடுத்து வருவது அதைத் தொடும் கதை.

ஒரு காசு பிறக்கும் விதம்

1574இல் பொத்தோசியில் நாணயச்சாலை தொடங்கியது. அங்கே அச்சிட்ட காசுகளில் பெரியது எட்டு ரியால். சட்டப்படி அதன் எடை ஏறத்தாழ 27.47 கிராம், ஆயிரத்தில் 930.5 பங்கு வெள்ளி. பெசோ என்றும், பிற்காலத்தில் ஸ்பானிய டாலர் என்றும் உலகம் அழைத்தது இதைத்தான். டாலர் என்ற பெயர் மட்டும் வேறு மலையிலிருந்து வந்தது. போஹீமியாவில் யோவாகிம்ஸ்தால் என்ற பள்ளத்தாக்கில் 1516 முதல் வெள்ளி வெட்டினார்கள். அங்கே அச்சிட்ட பெரிய காசு ‘தாலர்’ எனப்பட்டது. தால் என்றால் பள்ளத்தாக்கு. அந்த ஊரின் மருத்துவராக இருந்த கியோர்கியுஸ் அக்ரிகோலா தாம் கண்ட சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதிய பெருநூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1556இல் வெளிவந்தது. உலகின் எந்த மூலையிலும் டாலர் எண்ணும் ஒருவர், தம்மை அறியாமலே அந்தச் செக் நாட்டுப் பள்ளத்தாக்கின் பெயரை உச்சரிக்கிறார்.

பொத்தோசிக் காசுக்கு அழகு குறைவு. வெள்ளியை உருக்கிப் பட்டையாக அடிப்பார்கள். பட்டையைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். எடை கூடுதலாக இருந்தால் கத்தரியால் ஓரத்தை நறுக்குவார்கள். பிறகு இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஒரே அடி. இந்தக் கடும் வேலையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் செய்தது. வெளிவரும் காசு வட்டமாகவும் இராது, சதுரமாகவும் இராது. முத்திரை பாதி விழுந்திருக்கும், பாதி ஓரத்துக்கு வெளியே போயிருக்கும். வடிவம் ஒழுங்கற்றதால் கத்தரி வைத்து இன்னும் கொஞ்சம் சுரண்டிக்கொள்பவர்களுக்கும் வசதி.

ஆகவே காசின் தோற்றத்தைப் பார்த்து யாரும் நம்பவில்லை. அதிலிருந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்து நம்பினார்கள். ஒன்று ‘பி’ என்னும் பொத்தோசியின் குறி. மற்றொன்று, அந்த வெள்ளியின் மாற்றைச் சோதித்த பரிசோதகரின் பெயருடைய முதலெழுத்து. ‘இந்தக் காசில் இருக்க வேண்டிய வெள்ளி இருக்கிறது, நான் பொறுப்பு’ என்று ஒரு மனிதர் இட்ட கையொப்பம் அது. வரைவோலையில் அதிகாரி இடும் கையெழுத்துக்கு என்ன வேலையோ, அந்த எழுத்துக்கும் அதே வேலை.

பரிசோதகர் செய்யும் சோதனை பழமையானது, எளிமையானது. மாதிரி வெள்ளியைத் துல்லியமாக எடை போட்டு, ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் இட்டு உலையில் வைப்பார். ஈயமும் செம்பும் உருகிச் சாம்பலுக்குள் ஊறிவிடும். கிண்ணத்தில் தங்குவது தூய வெள்ளி மணி. அதை மீண்டும் எடை போட்டால் கலப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கிண்ணம் பொய் சொல்லாது. பொய் சொல்ல முடிந்தவர் கிண்ணத்தின் முன் அமர்ந்திருப்பவர்தான்.

கடனாளிகளின் ஊர்

நாணயச்சாலையில் அந்தப் பொய் எப்படி நுழைந்தது? நாணயச்சாலைப் பதவிகளை ஸ்பானிய அரசு விலைக்கு விற்றது. போர்ச் செலவுக்குப் பணம் வேண்டும். விலை கொடுத்துப் பதவி வாங்கியவர் போட்ட முதலை எடுக்கப் பார்ப்பார் என்பது சொல்லாமலே விளங்கும். இதைவிட ஆழமான காரணம் ஒன்று, வெள்ளி எடுக்கும் தொழிலே கடனில் நடந்தது. ஆலைக்காரர்களுக்குப் பாதரசம் வாங்க, கூலி கொடுக்க, உடைந்த சக்கரத்தைச் சீராக்க முன்பணம் தேவை. அதைக் கொடுத்தவர்கள் ‘வெள்ளி வணிகர்’ எனப்பட்ட சிலர். அவர்கள் அச்சிடாத வெள்ளியைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு நாணயச்சாலைக்குக் கொண்டுபோய்க் காசாக மாற்றுவார்கள். அவர்களுள் பெரியவர் பிரான்சிஸ்கோ கோமெஸ் தெ லா ரோச்சா.

சுரங்கக்காரர்கள் அவருக்குக் கடன்பட்டிருந்தார்கள். நாணயச்சாலையார் வெள்ளி வணிகரை நம்பியிருந்தார்கள். அரசு அலுவலர்கள் பலரும் அவர்களிடம் கடன் பெற்றிருந்தார்கள். தணிக்கை செய்ய வேண்டியவர்கள் தணிக்கைக்கு உரியவரின் கடனாளிகளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பொத்தோசியைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. மாற்றுக் குறைந்த வெள்ளி உள்ளே சென்றது. பரிசோதகர் பெலிப்பே ராமிரெஸ் தெ அரெல்யானோ தம் எழுத்தைக் கொடுத்தார். குறைந்த வெள்ளியின் மதிப்பு இலாபமாயிற்று. 1640களில் அந்தக் காசுகள் கழுதைகளிலும் கப்பல்களிலும் ஏறி, பனாமா வழியாகச் செவில்லுக்கும் அங்கிருந்து ஐரோப்பா முழுவதுக்கும் சென்றன.

பொத்தோசியில் யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டவர்கள் ஜெனோவாவின் வங்கியாளர்களும் ஆண்ட்வெர்ப்பின் வணிகர்களும். அவர்கள் காசை உருக்கிப் பார்த்தார்கள். சிலவற்றில் இருக்க வேண்டிய வெள்ளியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லை. செய்தி வேகமாகப் பரவியது. ‘பெருக் காசு’ என்றால் வாங்க மாட்டோம் என்று கடைகள் சொல்லத் தொடங்கின. பொத்தோசிக் காசு நல்லதா கெட்டதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க நேரம் இல்லாததால் நல்ல காசும் சேர்ந்து மதிப்பிழந்தது. அதே ஆண்டுகளில் ஸ்பெயின் அரசு பல போர்களில் சிக்கியிருந்தது. 1647இல் கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் தருவதையே நிறுத்தி வைத்திருந்தது. படைவீரருக்குச் சம்பளம் கொடுக்கும் காசே செல்லாக்காசு என்றால் அரசின் நிலை என்ன?

நான்காம் பிலிப்பு மன்னர், பிரான்சிஸ்கோ தெ நெஸ்தாரெஸ் மரீன் என்பவரை முழு அதிகாரத்துடன் பொத்தோசிக்கு அனுப்பினார். அவர் பாதிரியார், முன்பு சமய விசாரணை மன்றத்தில் இருந்தவர், இளகிய மனம் படைத்தவரல்லர். 1648 இறுதியில் வந்து சேர்ந்த அவர் முன் இருந்த சிக்கலை இன்றைய வங்கித் துறையினர் உடனே புரிந்துகொள்வார்கள். குற்றவாளிகள் யார் என்பது தெரியும். ஆனால் அவர்களை அடியோடு ஒழித்தால் சுரங்கங்களுக்கு முன்பணம் கொடுக்க ஆள் இல்லை. சுரங்கம் நின்றால் மன்னரின் ஐந்தில் ஒரு பங்கு இல்லை. மன்னருக்கு வர வேண்டிய பாக்கியும் வராது. எனவே ஒரு கையால் தண்டனையும் மறு கையால் வசூலுமாக நடந்தார். சிலர் பணம் கட்டித் தப்பினர். ரோச்சா அவருக்கு விஷம் வைக்க முயன்றதாகவும் பேச்சு எழுந்தது. 1650இல் ரோச்சாவும் பரிசோதகர் ராமிரெஸும் கழுத்து நெரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார்கள். ரோச்சா எங்கோ பெருஞ்செல்வத்தைப் புதைத்து வைத்தார் என்ற கதை ஊரில் நிலைத்துவிட்டது, தேடியவர்களும் உண்டு.

அதே 1650இல் மன்னரின் ஆணை பெருக் காசுகளின் மதிப்பைக் குறைத்தது. தென் அமெரிக்காவில், ஓரளவு தேறிய காசுகளின்மேல் சிறு கிரீட முத்திரை குத்திக் குறைந்த மதிப்பில் சில காலம் செல்லவிட்டார்கள், மற்றவற்றை உருக்கினார்கள். 1654இல் இன்றைய எக்குவடோர் கரையருகே மூழ்கிய ஸ்பானியக் கப்பலிலிருந்து அப்படி முத்திரை குத்திய காசுகள் நம் காலத்தில் ஏராளமாக மீட்கப்பட்டிருக்கின்றன. ஒரு காசின்மீது இன்னொரு முத்திரை, முந்தைய முத்திரையை நம்பாதே என்று சொல்வதற்காக.

இழப்பு யாருடையது? ஆண்ட்வெர்ப் வணிகரிடம் உலையும் ஈயமும் சாம்பல் கிண்ணமும் இருந்தன. அவர் காசை வாங்க மறுத்துத் தப்பினார். சுரங்கத்தில் மூன்றரை ரியாலுக்கு உழைத்தவரிடம் அவை இல்லை. கூலியாக எது கொடுக்கப்பட்டதோ அதை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தையில் சோளம் விற்ற பெண்ணும் அப்படித்தான். மதிப்புக் குறைப்பு அறிவிக்கப்பட்ட நாளில் காசு யார் கையில் இருந்ததோ, அவருடைய இழப்பு அது. மலையின் வயிற்றிலிருந்து வெள்ளியைத் தோண்டி எடுத்தவருக்கே வெள்ளி குறைந்த காசு கிடைத்தது.

1652இல் புதிய வடிவம் வந்தது. கடல் அலைகளுக்கு மேலே எழும் இரு தூண்கள். பரிசோதகரின் எழுத்தும் ஆண்டும் ஒரே காசில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில். பாதி முத்திரை விழாமல் போனாலும் யார் சோதித்தது, எப்போது சோதித்தது என்பது எங்காவது ஓரிடத்தில் தெரிந்தே தீர வேண்டும் என்பது அதன் நோக்கம். சம்மட்டியால் அடித்த அந்தக் கோணல் காசுகளை இன்று பார்த்தாலும், அழகைவிடப் பொறுப்பைப் பற்றிய கவலைதான் அவற்றில் தெரிகிறது.

சூரத்தின் சராப்புகள்

இந்தக் காசுகள் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. ஆசியாவின் மிளகும் துணியும் பட்டும் வாங்க ஐரோப்பியரிடம் விற்கத்தக்க சரக்கு அதிகம் இல்லை, வெள்ளி இருந்தது. 1600இல் இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த சாசனமே, ஒரு பயணத்துக்கு 30,000 பவுன் பெறுமான வெள்ளியை நாட்டிலிருந்து வெளியே கொண்டுபோக அனுமதித்தது. எட்டு ரியால் காசுகள் நிறைந்த பெட்டிகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்து சூரத்தில் இறங்கின. செங்கடல் வழியே மொக்கா துறைமுகத்திலிருந்தும் வந்தன. மெக்சிகோவின் அக்காபுல்கோவிலிருந்து மணிலாவுக்குச் சென்ற கப்பல்கள் சீனாவுக்கு இதே வெள்ளியைக் கொண்டுசென்றன.

சூரத்தில் ஸ்பானிய மன்னரின் முத்திரைக்கு மதிப்பு இல்லை. முகலாயப் பேரரசில் அயல்நாட்டுக் காசு காசாகச் செல்லாது. வெள்ளியாக மட்டுமே செல்லும். அதை அரசின் நாணயச்சாலையில் கொடுத்து, கட்டணம் கட்டி, ரூபாயாக மாற்றிக்கொள்ள வேண்டும். யார் வேண்டுமானாலும் வெள்ளி கொண்டுவரலாம். வெளியே வருவது ஷெர்ஷா காலத்திலிருந்து தொடரும் அளவிலான, ஏறத்தாழ 11.5 கிராம் எடையுள்ள உயர்மாற்று ரூபாய். ஒரு எட்டு ரியாலுக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்று மேலாகக் கிடைக்கும். இந்தியாவில் பேர் சொல்லும்படி வெள்ளிச் சுரங்கம் இல்லாத நிலையில், முகலாயரின் புகழ்பெற்ற ரூபாயின் உடல் பெரும்பாலும் அமெரிக்க மலைகளிலிருந்து வந்தது.

கப்பல் பருவத்தில் சூரத் நாணயச்சாலையில் நீண்ட வரிசை நிற்கும். காத்திருக்கப் பொறுமையில்லாத ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் வெள்ளியைச் சராப்புகளிடம் விற்றார்கள். சராப்பு என்றால் நாணய மாற்றுநர், பரிசோதகர், கடன் கொடுப்பவர் எல்லாம் சேர்ந்தவர். பிற்காலத்தில் வங்கிகளில் பணத்தை எண்ணிச் சரிபார்த்த ஊழியருக்கும் அந்தப் பெயரே வழங்கியது. மூத்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு அது நினைவிருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவில் பலமுறை பயணம் செய்த பிரெஞ்சு மணி வணிகர் தவெர்னியே, துருக்கியின் தேர்ந்த நாணய மாற்றுநர்கூட இந்தியச் சராப்புகளிடம் தொழில் பழக வேண்டும் என்ற கருத்தைப் பதிவு செய்திருக்கிறார். புதிதாக அச்சிட்ட ரூபாய்க்கு ஒரு விலை, ஆண்டுகள் கடந்து தேய்ந்த ரூபாய்க்கு வட்டம் பிடித்துக்கொண்டு இன்னொரு விலை என்று அவர்கள் சொல்லும் விகிதத்தில்தான் சந்தை நடந்தது.

தமிழருக்கு இது புதிதல்ல. காசின் மாற்றைச் சோதிப்பவருக்கு வண்ணக்கர் என்று பழந்தமிழில் பெயர் உண்டு. சங்கப் புலவர் சிலருடைய பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சராப்புகளும் வண்ணக்கர்களும் முத்திரையை நம்பித் தொடங்கவில்லை, எடையையும் மாற்றையும் நம்பித் தொடங்கினார்கள். மாற்றுக் குறைந்த பொத்தோசிக் காசு இங்கே வந்திருந்தால், அது குறைந்த வெள்ளியாக எடை போடப்பட்டுக் குறைந்த ரூபாயாக வெளியே போயிருக்கும். வஞ்சனையின் விலை, அதைச் செய்தவரின் கணக்கிலேயே விழும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த வெள்ளி தமிழகக் கரைக்கு நேரடியாகவே வந்தது. 1736இல் புதுச்சேரி ஆளுநர் துமா, ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியிடமிருந்து ரூபாய் அச்சிடும் உரிமை பெற்றார். பிரெஞ்சுக் கப்பல்கள் கொண்டுவந்த ஸ்பானிய வெள்ளி, புதுச்சேரியில் உருகி ஆர்க்காட்டு ரூபாயானது. பெயர் ஆர்க்காடு, அச்சிட்டவர் பிரெஞ்சுக்காரர், வெள்ளி அமெரிக்காவுடையது, முத்திரையில் முகலாயப் பேரரசரின் பெயர். இத்தனை பேர் சேர்ந்து ஒரு காசை அச்சிட்டாலும், சந்தையில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: மாற்று என்ன?

பிறகு

1767இல் பொத்தோசியிலும் சம்மட்டி ஓயத் தொடங்கியது. கோவேறு கழுதைகள் சுற்றி இழுத்த பெரிய மரச் சக்கரங்கள் வெள்ளிப் பட்டையைச் சீராக அழுத்தின. திருகு அச்சுப்பொறியில் வட்டமான காசுகள் விழுந்தன. ஓரத்தில் கோலம் பொறித்திருந்ததால் சுரண்டினால் உடனே தெரியும். இவை உலகெங்கும் விருப்பத்தோடு ஏற்கப்பட்டன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பானிய டாலர் 1857 வரை சட்டபூர்வமாகச் செல்லுபடியானது. சீன வணிகர்கள் மட்டும் தங்கள் சொந்த முத்திரையை ஒவ்வொரு காசிலும் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களுடைய சந்தேகம் வீண்போகவில்லை. 1728இல் சட்டப்படியே காசின் மாற்று 916.7 ஆகக் குறைக்கப்பட்டது. 1772இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் அதை 902.8 ஆகவும், 1786இல் 895.8 ஆகவும் குறைக்க ஆணையிட்டார். பின்னிரண்டு ஆணைகளும் இரகசியமானவை. நாணயச்சாலை அலுவலர் இரகசியம் காக்க வேண்டும் என்பது கட்டளை. ரோச்சாவைக் கொன்ற குற்றத்தை அரசு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு அளவோடு, அமைதியாக, தன் கையொப்பத்துடன் செய்தது. கழுத்தை நெரிக்கத்தான் யாரும் இல்லை.

மித்தா உழைப்பு 1812இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது; 1825இல் பொலிவியா விடுதலை பெற்றது. 1773இல் முடிந்த நாணயச்சாலைக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். கழுதைகள் இழுத்த மரச் சக்கரங்கள் அங்கே அப்படியே நிற்கின்றன. 1987இல் யுனெஸ்கோ ஊரையும் மலையையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2014இல் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. நூற்றாண்டுகளாக உள்ளே தோண்டியதால் சேரோ ரீக்கோவின் உச்சி சரியத் தொடங்கியிருக்கிறது. அப்படியும் கூட்டுறவுச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒவ்வொரு நாள் காலையும் கொக்கா இலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, தலையில் விளக்கோடு அந்த மலைக்குள் போகிறார்கள். இப்போது அவர்கள் தேடுவது பெரும்பாலும் துத்தநாகமும் தகரமும். இடையிடையே கொஞ்சம் வெள்ளியும் கிடைக்கிறது.